இரண்டாவது வெடி

பகல் பன்னிரண்டரைக்குக் கல்ஃபான் பாபாவின் வயிற்றுக்குள் ஏதாவது போயாக வேண்டும். போகாவிட்டால் சர்க்கரை இறங்கி ஆள் சரிந்துவிடுவார். போன ரமலானில் அப்படித்தான் குளியலறை வாசலில் விழுந்து, பதினோரு நாள் மருத்துவமனையில் கிடந்தார். நோயாளிக்கு நோன்பு கடமையில்லை என்று மருத்துவர் சொன்னார். பள்ளிவாசல் இமாமும் வீடு தேடி வந்து அதையே சொன்னார். பாபா இருவரிடமும் "சரி" என்றார். பாபாவின் "சரி" பத்து நிமிஷம் தாங்கும். அப்புறம், "நான் நோன்பு, பிள்ள. இன்னும் வெடி போடலையே" என்று தட்டைத் தள்ளிவிடுவார்.

பேரப்பிள்ளைகளின் பெயர்கள் போய்விட்டன. மனைவி செத்ததே மறந்துபோய்விட்டது. வெடி மட்டும் போகவில்லை. எப்படிப் போகும்? போலீஸில் இருந்தபோது இருபத்திரண்டு ரமலான், பொழுது சாயும் நேரத்தில் ஷார்ஜாவில் இதே பேட்டையின் மைதானத்தில் பீரங்கிக் கயிற்றை இழுத்தது அவர் கைதான். அவர் இழுத்த பிறகுதான் தெருவே பேரீச்சம்பழத்தை வாயில் வைக்கும்.

அவரை ஆறு வருஷமாகப் பார்த்துக்கொள்பவள் ஷிதாயே. எத்தியோப்பியாக்காரி, கழுத்தில் கறுப்புக் கயிறும் சிலுவையும் போட்டவள். மகள் மௌஸா துபாயிலிருந்து வெள்ளிக்கிழமை வந்து போவாள். மகன்கள் சுஹைலும் ஹுமைதும் அபுதாபியில். பெருநாளுக்குப் பெருநாள் முகம் காட்டுவார்கள். ஒன்றரை மணி நேரப் பயணம்தான். மனம் இல்லாதவனுக்கு அதுவும் கடல் தாண்டிய தூரம்.

"எப்படியாவது வாப்பாவைச் சாப்பிட வை. எப்படின்னு மட்டும் என்கிட்ட கேக்காதே" என்றாள் மௌஸா.

ஷிதாயே கேட்கவில்லை. முந்தைய வருஷம் ஆசைக்காகக் கைப்பேசியில் பிடித்து வைத்திருந்த பீரங்கிச் சத்தம் அவளிடம் இருந்தது. பகல் பன்னிரண்டரைக்குத் திரையை இழுத்து மூடினாள், கைப்பேசியை ஜன்னல் விளிம்பில் வைத்தாள், ஒரு தட்டு தட்டினாள். டுப். பிறகு பாங்கு.

பாபாவின் முகம் மலர்ந்தது. "இன்னிக்குப் பொழுது சீக்கிரம் போயிருச்சே. எவன் போட்டான்? கொஞ்சம் முந்திட்டான்" என்று ஒரு பேரீச்சம்பழத்தை எடுத்து, துஆ ஓதி, வாயில் வைத்தார். மோர் குடித்தார். கோதுமையும் இறைச்சியும் குழைத்த ஹரீஸ் சாப்பிட்டார். பிறகு தூங்கிவிட்டார். ஏசி இரைச்சலில் நிஜ வெடி அவர் காதுக்கு எட்டவே எட்டாது.

உயிர் பிழைத்தது. அந்த வருஷம் ஈஸ்டருக்கு முன்னால் ஷிதாயே பிடிக்கும் பெரிய நோன்பும் ரமலானும் ஒரே திங்கட்கிழமை தொடங்கியிருந்தன. மதியம் மூன்று மணிவரை அவளும் பச்சைத் தண்ணீர் தொடமாட்டாள். அதற்கு மேலும் இறைச்சி, பால், முட்டை கிடையாது. பசித்த வயிற்றோடு நின்றுகொண்டு இன்னொருவரின் நோன்பை ஏமாற்றி முறிக்கிறாள். யாரிடம் போய்ச் சொல்வது?

சாயங்காலம் மட்டும் மொட்டைமாடிக்கு ஏறுவாள். அங்கிருந்து மைதானம் தெரியும். பிள்ளைகள் தடுப்புக் கயிற்றுக்கு இந்தப் பக்கம் காதைப் பொத்தி நிற்பார்கள். சீருடைக்காரர்கள் நால்வர். கை ஒன்று மேலே போகும். முதலில் நெருப்பு, பிறகு புகை, அதற்கும் பிறகுதான் நெஞ்சில் இடிக்கும் சத்தம். மறுகணம் தெரு துடைத்துவிட்டதுபோல் காலியாகும். அத்தனை வீட்டிலும் ஒரே நேரத்தில் ஒரே கை வாய்க்குப் போகும். அந்த ஊரில் அவளுக்கென்று இருந்த ஒரே அழகு அது. கீழே தூங்குகிறவரிடமிருந்து அதையும் தான் பிடுங்கிக்கொண்டதாக அவள் நினைத்தாள். அது உண்மையும்தான்.

இருபதாம் நோன்பன்று ஏசி நின்றுபோனது. நாளைக்குத்தான் ஆள் வருவானாம். பாபா வேர்த்துக் கிடந்தார். ஷிதாயே ஜன்னலைத் திறந்துவிட்டாள். அந்தியானதும் பழக்க தோஷத்தில் மாடிக்கு ஏறிவிட்டாள். நெருப்பைப் பார்த்தபோதுதான் ஜன்னல் ஞாபகம் வந்தது. சத்தம் அவளை முந்திக்கொண்டது.

ஓடி வந்து பார்த்தால், பாபா கட்டிலில் உட்கார்ந்து இரண்டு விரலைத் தூக்கிக் காட்டிக்கொண்டிருக்கிறார்.

"ரெண்டு" என்றார். "கேட்டியா? ரெண்டாவதும் போட்டுட்டான்."

நோன்பு நாளில் வெடி ஒன்றுதான். பெருநாள் தொழுகை முடிந்தால் இரண்டு. சோறு தின்றதை மறக்கிற மனுஷர், மத்தியான வெடியை மறக்காமல் எண்ணிக்கையில் வைத்திருந்திருக்கிறார். ஜன்னலில் மங்கல் வெளிச்சம். அவருக்கு அது விடியல்.

"தொழுகைக்கு என்னை ஏன் எழுப்பல? சரி, போகட்டும். சட்டையை எடு. பிள்ளைங்க வந்துருவாங்க."

"பாபா, இன்னிக்குப் பெருநாள் இல்ல. இன்னும் பத்து நாள்..."

"கிறிஸ்தவப் பொண்ணு நீ. எனக்கு நீ கணக்குச் சொல்றியா? வெடி போட்டவன் நான்."

சலவை செய்த வெள்ளை அங்கி உடுத்தார். தலைத்துணிமேல் கறுப்பு வளையத்தை வைத்தார். அத்தரைத் தானே தடவிக்கொண்டார். வரவேற்பறையில் வாசலைப் பார்த்து உட்கார்ந்து, காப்பிக் கூஜாவையும் பேரீச்சம்பழத் தட்டையும் கேட்டார். அவள் கொண்டுவந்து வைத்துவிட்டு மௌஸாவுக்குப் போன் போட்டாள்.

"விடு, ஷிதாயே. கொஞ்ச நேரத்துல மறந்துருவாரு. நாங்க இப்பத்தான் நோன்பு திறந்து உக்காந்திருக்கோம்."

"மேடம், ஒரு தடவை போன்லயாவது..."

"வெள்ளிக்கிழமை வர்றேனே."

சுஹைல் எடுக்கவில்லை. ஹுமைதின் எண்ணில் ஒரு மணியடித்து நின்றது.

பாபா கதவைத் திறக்கச் சொன்னார். வெளியே ஒரு குஞ்சு குருவி இல்லை. ஊரே உள்ளே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருந்தது. பெருநாள் காலையில் பிள்ளைகள் வீடு வீடாக ஓடும் தெருவில் அப்படி ஒரு வெறுமையை அவர் பார்த்ததே இல்லை.

"என்ன, ஒருத்தனையும் காணோம்?" என்றார். கொஞ்சம் கழித்து, "எல்லாரும் செத்துட்டாங்களா, பிள்ள?" பிறகு இன்னும் மெதுவாக, "நான் செத்துட்டேனா?"

அவளால் தாங்க முடியவில்லை. அறைக்குப் போய், கோயிலுக்கு மட்டும் உடுத்தும் வெள்ளை உடையை உடுத்தி, முக்காடு போட்டு, பின்வாசல் வழியாகச் சுற்றி வந்து முன்கதவைத் தட்டினாள்.

"பெருநாள் வாழ்த்து, பாபா."

பாபா எழுந்தே நின்றுவிட்டார். "வா மகளே, வா. யார் வீட்டுப் பிள்ள?"

"ஹபஷா நாட்டுப் பிள்ள" என்றாள், எத்தியோப்பியாவுக்கு அவர்கள் சொல்லும் பெயரில்.

"காப்பி பொறந்த ஊராச்சே. அப்ப நீங்கதான் எங்களுக்கு ஊத்தணும்" என்று சிரித்தார். இடது கையில் கூஜா, வலது கையில் பிடியில்லாத சின்னக் கிண்ணம். நடுங்கினாலும் ஒரு சொட்டுச் சிந்தாமல் ஊற்றினார். போதும் என்றால் விருந்தாளி கிண்ணத்தை ஆட்டிக் காட்ட வேண்டும். ஆட்டாதவரை ஊற்றிக்கொண்டே இருப்பார்கள். மூன்றுக்கு மேல் குடிப்பது மரியாதையில்லை என்பதும் அவளுக்குத் தெரியும். அவள் ஆட்டவில்லை. ஊற்றிக்கொண்டிருக்கும்வரை அவர் வாசலைப் பார்க்கமாட்டார். நான்கு, ஏழு, பதினொன்று. வாய் கசந்து வயிறு எரிந்தது. கடைசியில் கூஜாதான் காலியானது.

பாபா மூடியைத் திறந்து உள்ளே பார்த்தார். பிறகு வாசலைப் பார்த்தார்.

"உன்னோட சரியா?" என்றார்.

மறுநாள் பகல் பன்னிரண்டரைக்கு அவள் திரையை மூடிக் கைப்பேசியைத் தட்டினாள். பாபா திரும்பவே இல்லை. "பெருநாள் முடிஞ்ச பிறகு எவன் வெடி போடுறான்?" என்றார். தட்டை வைத்ததும் சாப்பிட்டார். எந்த நேரத்தில் எதை வைத்தாலும் சாப்பிட்டார். இனிமேல் அவர் காத்திருப்பதற்கு ஒன்றுமில்லை. என்ன நடந்தது என்பதை மறந்துவிட்டார்; ஒருத்தரும் வரவில்லை என்பது மட்டும் உள்ளே தங்கிவிட்டது.

வெள்ளிக்கிழமை மௌஸா வந்து தட்டைப் பார்த்தாள். "நோன்பு நோன்புன்னு அடம்பிடிச்சாரே, அதெல்லாம் நின்னுபோச்சு பாத்தியா? கெட்டிக்காரி நீ." ஷிதாயே பாத்திரத்தை எடுத்துக்கொண்டு அடுப்படிக்குள் போய்விட்டாள். மாடிக்கு ஏறுவதையும் அத்தோடு நிறுத்திவிட்டாள்.

நிஜப் பெருநாள் அடுத்த வாரம் வந்தது. விடிந்ததும் இரண்டு வெடி. மூன்று வண்டிகளில் சுஹைல், ஹுமைத், மௌஸா, பதினான்கு பேரப்பிள்ளைகள். வீடு நிரம்பியது. எல்லோரும் வரிசையாக வந்து கிழவரின் நெற்றியில் முத்தமிட்டார்கள். அவர் வீட்டில் போடும் பழைய அங்கியோடு, சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தார். புது அங்கியைப் போட்டுக்கொள்ள மாட்டேன் என்றுவிட்டார்.

"வாப்பா, நான் சுஹைல். பெருநாள் வாழ்த்து."

பாபா அவனை மேலும் கீழும் பார்த்தார். "பெருநாள் போயிருச்சே, தம்பி" என்றார் மரியாதையாக.

"இன்னிக்குத்தான் வாப்பா. நான் உங்க மகன்."

"என் மகனா இருந்தா அன்னிக்கே வந்திருப்பான்." கூஜாவோடு நின்ற ஷிதாயேவைக் கைகாட்டினார். "வேணும்னா இவளைக் கேளு. இவ வந்திருந்தாளே."