அஸ்கர் கொடுத்த சாவி

அஸ்கர் பூட்டை இழுத்துப் பார்க்கிற ஆள். பெருங்குடியில் ஏழு வருடம் ஒரே ஆபீசில், பக்கத்துப் பக்கத்து நாற்காலியில் நாங்கள் வேலை பார்த்தோம். சாயங்காலம் டிராயரைப் பூட்டுவான், லிஃப்ட் வரை வருவான், "ஒரு நிமிஷம் ஷீலா" என்று திரும்பிப் போய் அதை ஒரு இழு இழுத்துப் பார்த்துவிட்டு வருவான். உள்ளே இருப்பது ஒரு டிபன் பாக்ஸும் பழைய சார்ஜரும். இதற்காக நான் அவனைக் கிண்டல் செய்யாத நாளே கிடையாது.

செம்பாக்கம் ஏரிக்கரைப் பக்கம் மூன்றாம் மாடியில் அவன் வீடு. வயது நாற்பத்து மூன்று. கல்யாணம் ஒன்று நடந்து இரண்டே வருடத்தில் முறிந்தது. அண்ணன் அஃப்தாப் முடிச்சூரில் எலக்ட்ரிகல் கடை வைத்திருக்கிறார். பெருநாளுக்கு அங்கே போய் வருவான், அவ்வளவுதான் உறவு. ஆபீஸ் வேலையை விட்டு வீட்டிலிருந்தே ஒரு வெளிநாட்டுக் கம்பெனிக்கு வேலை செய்ய ஆரம்பித்த பிறகு, மனுஷ முகம் பார்ப்பதே குறைந்துபோயிற்று.

அவன் எழுதிய ஒரு சின்ன புரோகிராம் உண்டு. பெயர் 'வாட்ச்மேன்'. ஏதாவது வெப்சைட்டில் நாம் போட்டோவோ சர்டிபிகேட்டோ ஏற்றும்போது, அது நிஜமாகவே போட்டோதானா, போட்டோ வேஷத்தில் வந்த திருட்டுச் சரக்கா என்று வாசலிலேயே நிறுத்திப் பார்க்கும். பதினொரு வருடமாக இலவசம். யார் வேண்டுமானாலும் எடுத்துக்கொள்ளலாம், உள்ளே திறந்து படிக்கலாம். ஓப்பன் சோர்ஸ் என்றால் அதுதானே. ஆயிரக்கணக்கான கம்பெனிகள் எடுத்துக்கொண்டன. எங்கள் கம்பெனியும்தான், நாங்கள் ஆஸ்பத்திரிகளுக்கு வெப்சைட் செய்கிறோம், நோயாளிகளின் ஸ்கேனும் ரிப்போர்ட்டும் அதன் வழியாகத்தான் உள்ளே போகின்றன.

"யார் வேணா படிக்கலாம்னு சொன்னா யாருமே படிக்க மாட்டான் ஷீலா. அடுத்தவன் படிச்சிருப்பான்னு விட்டுடுவான்" என்பான் அஸ்கர். "ஒரு பட்டனுக்குக் கலர் அடிக்க, முன்னூறு பேர் எழுதினத வூட்டுக்குள்ள விடறோம். ஒருத்தன் மூஞ்சியாவது நமக்குத் தெரியுமா?" இப்படிப் பேசினவன்தான். அதை நினைத்தால் இப்போதும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

புதுப் பதிப்பு வெளியிடும் ஒவ்வொரு தடவையும் அவன் ஒரு வேலை செய்வான். ஊரார் எப்படி இறக்கிக்கொள்கிறார்களோ அதே மாதிரி தானும் ஒரு பிரதியை இறக்கி, தன் வீட்டு கம்ப்யூட்டரில் இருக்கும் மூலத்தோடு வரி வரியாக ஒப்பிடுவான். தான் எழுதியதுதான் வெளியே போயிருக்கிறதா என்று. "பூட்டை இழுத்துப் பாக்கறேன்" என்பான். தான் எழுதியதையே தான் நம்பாத பிறவி.

இத்தனைக்கும் ஊர் அவனுக்குச் செய்த மரியாதை என்ன? வந்ததெல்லாம் திட்டுதான். 'இது வேலை செய்யவில்லை', 'இன்னும் சரி செய்யவில்லையா?', 'செத்துவிட்டீர்களா?' கடைசியாகச் சொன்னதை நிஜமாகவே ஒருத்தன் எழுதியிருந்தான். ஒரு நன்றி, ஒரு வணக்கம் கிடையாது. நான் மட்டும் என்ன யோக்கியம்? இரண்டு வருடம் ஒரு போன் செய்யவில்லை. நான் இருக்கும் பள்ளிக்கரணைக்கும் அவன் இருக்கும் செம்பாக்கத்துக்கும் ஸ்கூட்டியில் அரை மணி நேரம்.

அப்படி இருக்கும்போதுதான் காலேப் வந்தான். சொந்த ஊர் நாகர்கோவில் பக்கம், இப்போது புனேயில் வேலை என்று அவனே சொல்லிக்கொண்டது. முதலில் இரண்டு வரித் திருத்தம் ஒன்று அனுப்பினான், சுத்தமான வேலை. பிறகு இன்னொன்று. பிறகு தினமும் மத்தியானம் ஒன்று இருபதுக்கு ஒரு மெசேஜ்: 'அண்ணா, சாப்டீங்களா?' எட்டு மாதம், ஒரு நாள் தவறவில்லை. அதே சமயத்தில் முன்பின் தெரியாத நாலைந்து பெயர்கள் வந்து, 'ஒரே ஆள் வைத்துக்கொண்டு ஏன் இழுத்தடிக்கிறீர்கள்? இன்னொருவருக்கும் பொறுப்பு கொடுங்கள்' என்று அஸ்கரைக் குடைந்தார்கள். காலேப் அவர்களோடு சண்டை போட்டான், 'எங்க அண்ணாவை ஒண்ணும் சொல்லாதீங்க' என்று. அஸ்கர் உருகிப்போய், புதுப் பதிப்பை வெளியிடும் உரிமையை அவனுக்கும் கொடுத்துவிட்டான். எங்கள் தொழிலில் அதுதான் வீட்டுச் சாவி.

இதெல்லாம் எனக்கு அப்போது தெரியாது. போன மார்ச்சில் ஒரு செவ்வாய்க்கிழமை காலை வாட்ச்மேனின் புதுப் பதிப்பு வந்திருந்தது. அதை எங்கள் சைட்டில் போட வேண்டியது என் வேலை. வெளியிட்டவர் பெயர் இருக்கும் இடத்தில் அஸ்கர் இல்லை, யாரோ காலேப். உடனே போன் செய்தேன். ஆமாம், வேலை இருந்ததால்தான் செய்தேன்.

"யாருடா இந்தக் காலேப்?"

"நம்ம தம்பி. எட்டு மாசமாப் பழக்கம். தங்கமான பையன் ஷீலா."

"நேர்ல பாத்திருக்கியா?"

"இல்ல."

"வீடியோ கால்ல?"

"அவன் கேமரா ரிப்பேர்."

"எட்டு மாசமாவா? கேப்பையில நெய் வடியுதுன்னா கேக்கறவனுக்குப் புத்தி எங்கடா போச்சு?" எனக்குக் கோபம் வந்தால் வாய் நிற்காது. "சரி, பூட்டை இழுத்துப் பாத்தியா?"

போன் கட் ஆகிவிட்டதோ என்று எடுத்துப் பார்த்தேன்.

"பாக்கல" என்றான். "அவன் செஞ்ச வேலையப் போயி சந்தேகப்படறதான்னு... அசிங்கமா இருந்திச்சு."

கர்த்தாவே! டிபன் பாக்ஸுக்குப் போட்ட பூட்டை ஏழு வருடம் இழுத்துப் பார்த்தவன். ஆபீசில் சொல்லிவிட்டு ஸ்கூட்டியை எடுத்தேன். மேடவாக்கம் கூட்ரோட்டில் வழக்கம்போல வண்டிகள் நகரவில்லை. அங்கே நின்றுகொண்டு அவனையும் என்னையும் சேர்த்தே திட்டினேன்.

கதவைத் திறந்தவனை அடையாளம் தெரியவில்லை. தாடி முழுக்க நரைத்திருந்தது. வீட்டில் இருந்தது ஒரே நாற்காலி. அவன் பிளாஸ்டிக் வாளியைக் கவிழ்த்துப் போட்டு அதில் உட்கார்ந்துகொண்டு, நாற்காலியை எனக்குக் கொடுத்தான். காலேப் வெளியிட்ட பதிப்பை இறக்கி ஒப்பிட்டோம். மூலத்தில் இல்லாத பத்தொன்பது வரிகள் அதில் இருந்தன. மெதுவாகப் படித்தோம். யார் எதை ஏற்றினாலும், அதன் நகல் ஒன்று சத்தமில்லாமல் வேறொரு முகவரிக்குப் போகும். ஆதார் அட்டை, ஸ்கேன், குழந்தை போட்டோ, எல்லாம்.

வாட்ச்மேனே திருடனுக்குக் கதவைத் திறந்துவிட்ட மாதிரி ஆகிவிட்டது. நான் திட்டத்தான் வாயைத் திறந்தேன். அவன் முகத்தைப் பார்த்ததும் முடியவில்லை.

அஸ்கர் கீபோர்டை இழுத்துக்கொண்டான். காலேபின் உரிமையைப் பறித்தான். பதிப்பைத் திரும்பப் பெற்றான். ஆனால் அதற்குள் நாலாயிரம் பேர் இறக்கியிருந்தார்கள். அவர்களுக்காக ஒரு அறிவிப்பு எழுதினான்: 'இன்று காலை வந்த பதிப்பை உடனே நீக்குங்கள். அதில் திருட்டு இருக்கிறது. ஒருவரைச் சரிபார்க்காமல் சாவி கொடுத்தேன். தவறு என்னுடையது.' அவன் பெயரையும் கீழே போட்டான். "ஏமாத்தினது அவன்டா, நீ ஏன் தலையில போட்டுக்கற?" என்றேன். "சாவி என்னுது" என்றான். ஐந்து நிமிடத்தில் வசவுகள் வர ஆரம்பித்தன. பதினொரு வருடம் இலவசமாகச் சாப்பிட்ட வாய்கள்.

மணி ஒன்று இருபது. திரையின் ஓரத்தில் ஒரு பெட்டி எழும்பியது.

'அண்ணா, சாப்டீங்களா?'

மாட்டிக்கொண்டது அவனுக்கு இன்னும் தெரியவில்லை போல. "பிளாக் பண்ணுடா அந்த நாயை!" என்று கத்தினேன். அஸ்கர் மவுஸில் கை வைத்தபடி அந்த வரியையே பார்த்துக்கொண்டிருந்தான்.

"எட்டு மாசத்துல என்னை இதைக் கேட்டது இவன் ஒருத்தன்தான் ஷீலா" என்றான். "பொய்யாவாவது கேட்டான்."

பிறகு பிளாக் செய்தான். நான் எழுந்து அடுப்படிக்குப் போனேன். அங்கே சமைத்ததற்கான அடையாளமே இல்லை. கேம்ப் ரோட்டிலிருந்து இரண்டு சாப்பாடு வாங்கி வந்தேன். சாப்பிட்டோம். கிளம்பும்போது வாசலில் நின்று, "சாரிடா" என்றேன். எதற்கு என்று அவன் கேட்கவில்லை.

மறுநாள் ஆபீசில் மணி ஒன்று இருபது ஆனதும் அவனுக்கு மெசேஜ் போட்டேன்: 'சாப்டியா?'

பார்த்துவிட்டான் என்பதற்கான நீல டிக் விழுந்தது. பதில் வரவில்லை. கோபமாக இருக்கிறான் என்று நினைத்தேன், இருக்கட்டும், நியாயம்தான். பத்து நிமிடம் கழித்துப் போன் அடித்தது.

"ஷீலா, நீதானா?"

"நான்தான்டா. என் நம்பர்தானே? வேற யாரு?"



"ஒண்ணுமில்ல" என்றான். "சும்மா இழுத்துப் பாத்தேன்."