கன்னியா வெந்நீரும் ஞாயிற்றுக்கிழமை மாத்திரையும்

குன்னூரில் ஒரு பனிக்காலக் காலையில் என்னால் ஜாக்கெட்டின் கொக்கியை மாட்ட முடியவில்லை. குளிர்தான் காரணம் என்று நினைத்தேன். மலையில் இருப்பவர்களுக்கு விரல் மரத்துப்போவது புதிதல்ல. ஆனால் பத்து மணிக்கு வெயில் ஏறிய பிறகும் விரல்கள் இளகவில்லை. மூன்றாம் வகுப்புப் பிள்ளைகளுக்குக் கரும்பலகையில் எழுதிக்கொண்டிருக்கும்போது சாக்பீஸ் கீழே விழுந்தது. ஒரு பிள்ளை எடுத்துக் கொடுத்தாள். மறுபடியும் விழுந்தது.

இரண்டு மாதம் தைலம் தேய்த்த பிறகுதான் மருத்துவரிடம் போனேன். முடக்குவாதம் (உடலின் எதிர்ப்புச் சக்தி தன் மூட்டுகளையே பகையாக எண்ணித் தாக்கும் நோய்) என்றார். ஞாயிற்றுக்கிழமை மட்டும் போட வேண்டிய மாத்திரை ஒன்று கொடுத்தார். நான்கு மாதத்தில் வலி பாதியானது. ஆனால் திங்கட்கிழமை முழுக்கக் குமட்டும். சீப்பில் முடி கற்றையாக வரும். இதை நான் யாரிடமும் சொல்லவில்லை.

அந்தச் சமயத்தில்தான் கன்னியாவின் நினைவு என்னைப் பிடித்துக்கொண்டது.

நான் பிறந்தது இலங்கையில், அட்டன் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றில். அப்பா தொழிற்சாலையில் மூட்டை தூக்கியவர். முழங்கால் வலிக்காரர். எனக்கு ஏழு வயதில் என்னையும் அண்ணனையும் திருகோணமலைக்கு அருகிலுள்ள கன்னியாவுக்கு அழைத்துப் போனார். தொன்றுதொட்டு மக்கள் நீராடிவரும் ஏழு வெந்நீர்க் கிணறுகள். ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு சூடு. அப்பா வாளி வாளியாக மொண்டு ஊற்றிக்கொண்டார். பிறகு என்னைத் தோளில் ஏற்றிக்கொண்டு, பாடிக்கொண்டே, பேருந்து நிற்கும் இடம்வரை நடந்தார். அதற்கு முன் அவர் என்னைத் தூக்கியதாக நினைவே இல்லை. அடுத்த ஆண்டு, தோட்டத் தொழிலாளர்களை இந்தியாவுக்குத் திருப்பி அனுப்பிய ஒப்பந்தத்தில், கப்பலேறி நீலகிரிக்கு வந்துவிட்டோம். அப்பா இறந்து எத்தனையோ காலம் ஆகியும், ஈரத் துண்டும் பாட்டுமாக அந்தத் தோள் எனக்குள் அப்படியே இருந்தது. அந்தத் தண்ணீர் அப்பாவைக் குணமாக்கியது என்று நான் உறுதியாக நம்பினேன்.

கோத்தகிரியில் இருக்கும் என் அண்ணன் அப்போதுதான் பேருந்து ஓட்டும் வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தான். “பொறந்த மண்ண ஒரு தடவ பாத்துட்டு வருவோம் புள்ள” என்றான். மருத்துவரிடம் கேட்டேன்.

“தாராளமா போயிட்டு வாங்க டீச்சர். சுடுதண்ணி மூட்டுக்கு இதமா இருக்குமுங்க. மாத்திரைய மட்டும் விட்றாதீங்க.”

தலையாட்டினேன். அப்போதே மாத்திரையை நிறுத்தி நான்கு வாரம் ஆகியிருந்தது.

கன்னியாவில் இப்போது நுழைவுச்சீட்டு உண்டு. வெளியே கடைகள், வேன்களில் வந்திறங்கும் வெளியூர்க்காரர்கள். எட்டிப் பார்த்தால் விழுந்துவிடுவேன் என்று பயந்த கிணறுகளின் சுவர் இன்று என் இடுப்புக்குக்கூட வரவில்லை. சேலையோடு நின்றேன். அண்ணன் மொண்டு மொண்டு என் தலையிலும் கைகளிலும் ஊற்றினான். ஐந்தாவது வாளியில் விரல்கள் ஒவ்வொன்றாக மடங்கின. பல மாதங்களுக்குப் பிறகு கையை முழுதாக மூடினேன்.

“அண்ணே, பாத்தியா! அப்பாவுக்குக் கேட்ட மாதிரியே எனக்கும் கேக்குது.”

அண்ணன் வாளியைச் சுவரில் வைத்தான். “அப்பாவுக்கு எங்க புள்ள கேட்டுச்சு?”

“என்னத் தூக்கிக்கிட்டு நடந்தாரே?”

“நீ தூக்கு தூக்குன்னு அடம் புடிச்ச. தூக்குனாரு. லயத்து வீட்டுக்குத் திரும்பி ரெண்டு நாள் வேலைக்கே போகல. முழங்கால் பூசணிக்கா மாதிரி வீங்கிக் கெடந்துச்சு.”

“பாடிக்கிட்டே வந்தாரு அண்ணே.”

“முனகுனா நீ அழுவன்னுதான் பாடுனாரு.”

தலையிலிருந்து வெந்நீர் வழிந்துகொண்டிருந்ததால் நான் அழுதது அவனுக்குத் தெரிந்திருக்காது. மாத்திரையை நிறுத்தியதை அங்கேயே அவனிடம் சொன்னேன். அவன் திட்டவில்லை. “பையில வச்சிருக்கியா?” என்று மட்டும் கேட்டான். இல்லை என்றேன். பயணத்தை இரண்டு நாள் முன்னதாகவே முடித்தோம். அட்டனுக்குப் போகவே இல்லை. கொழும்பு விமான நிலையத்தில் என் பாஸ்போர்ட்டை அண்ணன்தான் பிடித்துக்கொண்டான். என் விரல்கள் கொழுக்கட்டை போல வீங்கிவிட்டிருந்தன.

குன்னூரில் இ.எஸ்.ஆர். (உடலில் அழற்சி எவ்வளவு என்று காட்டும் ரத்தப் பரிசோதனை) பார்த்துவிட்டு மருத்துவர் என்ன நடந்தது என்று கேட்டார். மாத்திரையை நிறுத்தியதையும் அதற்கான காரணத்தையும் சொன்னேன்.

“குமட்டுதுன்னு ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமுங்களே டீச்சர். அதுக்கு வழி இருக்குதுங்க. முடி கொட்டறதுக்கும் பாத்திருக்கலாம்.”

இதே நோயோடு இருக்கும் உங்களுக்கு நான் சொல்ல விரும்புவது அந்த ஒரு வார்த்தையைத்தான். சொல்லிவிடுங்கள். வெந்நீர் இதம் தரும், எனக்கும் தந்தது. ஆனால் அந்த இதம் ஒரு பகலுக்குக்கூடத் தாங்கவில்லை.

மறுபடி பழைய நிலைக்கு வர ஐந்து மாதமானது. வலது மோதிர விரல் மட்டும் நிமிரவே இல்லை. வளைந்தே நின்றுவிட்டது. குணமாகாத முழங்காலோடு நடந்த அப்பாவை இப்போது அடிக்கடி நினைக்கிறேன். முன்பைவிட நெருங்கி வந்திருக்கிறார்.

என் காலை இப்போது இரண்டாக இருக்கிறது. நான் விழிப்பது ஆறு மணிக்கு. கைகள் விழிப்பது ஏழுக்கு. நடுவில் உள்ள ஒரு மணி நேரத்தில் எதையும் அவசரப்படுத்த முடியாது. போர்வைக்குள் கைகளை வைத்துக்கொண்டு காத்திருப்பேன். ஆறரைக்கு அண்ணன் கோத்தகிரியிலிருந்து கூப்பிடுவான். பச்சைப் பொத்தானைப் புறங்கையால் தள்ளிவிடுவேன்.

“எத்தனை விரல் முழிச்சிருக்கு?”

“நாலு. மிச்சம் தூங்குது.”

“தூங்கட்டும். எழுப்பாத” என்பான். பிறகு அங்கே பனி எப்படி என்று சொல்லத் தொடங்குவான்.