மெல்ச்சோரின் முதுகு

மெல்ச்சோர் குவான்லாவ் முகம் மழிக்கும்போது அவன் மனைவி லூமிங் பக்கத்தில் துணியோடு நிற்பாள். கத்தி லேசாகக் கீறினால் போதும், ரத்தம் நிற்க வெகுநேரம் ஆகும். வாத்துக்கூண்டின் கம்பி உரசினால் அந்த இடம் நாவற்பழம்போலக் கறுத்துவிடும். யாராவது என்ன ஆச்சு என்று கேட்டால், "பொண்டாட்டி அடிச்சுட்டா" என்பான். லூமிங்கும் விடமாட்டாள். "நான் அடிச்சா ஒரு இடத்தோடயா நிறுத்துவேன்?" என்பாள்.

எங்கள் சதுப்பில் வாத்து வளர்க்கிறவர்களில் அவன் ஒருவன். அவன் வீட்டு உப்பு முட்டைக்குப் பட்டணத்திலிருந்துகூட ஆள் வரும். அவன் மகள் சரித்தோவுக்கு நான் ஞானத்தகப்பன், நினோங் என்று கூப்பிடுவாள். அதனால் அவனும் நானும் ஒருவரையொருவர் பாரே என்று கூப்பிடுவோம். லூமிங் எனக்கு மாரே.

இரண்டு மழைக்காலத்துக்கு முன்னால் வாத்துகளை ஓட்டிக்கொண்டிருந்தவன் கையிலிருந்த கோலைக் கீழே போட்டான். எடு பாரே என்றேன். எடுக்க வரவில்லை. வாய் ஒரு பக்கமாக இழுத்துக்கொண்டது. நான்தான் படகில் கிடத்திக் கரை சேர்த்தேன். கர்த்தர் இரங்கினார், பொழுது சாய்வதற்குள் வாய் நேராகிவிட்டது.

பட்டணத்து டாக்டரம்மா அவன் நெஞ்சில் குழாய் வைத்து வெகுநேரம் கேட்டார்.

"உள்ள வாத்து ஓடுதுங்க டாக்டர். பலகைப் பாலத்து மேல, கலைஞ்சு ஓடுற வாத்து" என்றான் மெல்ச்சோர்.

டாக்டரம்மா சிரிக்கவில்லை. இருதயம் ஒழுங்கில்லாமல் துடிக்கிறது, அதனால் உள்ளே ரத்தம் தேங்கிக் கட்டியாகிறது, அந்தக் கட்டி தலைக்குப் போனதால்தான் வாய் கோணியது என்றார். ரத்தம் கட்டாமலிருக்க மாத்திரை எழுதினார். "வெட்டுக்காயம் படாம பாத்துக்குங்க. அதுக்குப் பயந்து நீங்களா மாத்திரையை நிறுத்தவும் கூடாது. நிறுத்தினா மறுபடி கட்டும். இந்தத் தடவை மாதிரி திரும்பி வருவீங்கன்னு என்னால சொல்ல முடியாது" என்றார்.

அப்புறம் அவன் பிழைப்பே இந்த இரண்டுக்கும் நடுவில் நடப்பதுதான் என்றாகிவிட்டது. மாதாமாதம் ஊசி குத்தி ரத்தம் பார்ப்பார்கள். ஒரு மாதம் நீர்த்துப்போச்சு என்பார்கள், ஒரு மாதம் போதாது என்பார்கள். கோழிக்குழம்பில் போடும் முருங்கைக்கீரைகூட ஒரு வாரம் அள்ளி, ஒரு வாரம் இல்லை என்று இருக்கக் கூடாதாம். பல்வலி வந்தபோது கடையில் மாத்திரை வாங்கி விழுங்க முடியவில்லை. மற்றவர்கள் அரிவாளைத் தொட்டால்கூட லூமிங் அவனைத் தள்ளி உட்காரச் சொல்வாள். தினமும் ஆறு மணிக்குக் கோவில் மணி அடிக்கும். மாதாவுக்கு ஜெபம் சொல்லி முடித்ததும் மாத்திரை. மணிச்சத்தம் கேட்டால் வாத்துகளுக்குக்கூடத் தெரியும், எசமான் இப்போது தண்ணீர் குடிப்பான் என்று.

இதெல்லாம் பழகிவிட்டது. பழகாதது ஒன்றுதான்.

சரித்தோ கைக்குழந்தையாக இருந்தபோது காய்ச்சலில் கண் சொருகிவிட்டது. மெல்ச்சோர் சிலுவைக்கு முன்னால் விழுந்து நேர்ந்துகொண்டான். பிள்ளை பிழைத்தால், உயிருள்ளவரை ஒவ்வொரு பெரிய வெள்ளியும் முதுகில் ரத்தம் சிந்தி நடப்பேன் என்றான். பிள்ளை பிழைத்தது. வியாதி வரும்வரை அவன் ஒரு வருடமும் தவறியதில்லை. அவன் முதுகில் கண்ணாடிச் சில்லு பதித்த பலகையால் அடித்து ரத்தம் வரவைத்தது நான்தான். இது என் தகப்பனார் கையிலிருந்து வந்த ஊழியம். ஒவ்வொரு அடிக்கும் முன்னால் ஒரு பரமண்டல மந்திரம் சொல்லிக்கொள்வேன், சில்லு ஆழமாகப் போகக் கூடாது என்று. மனசு கிழிந்தால் போதும் முதுகு வேண்டாம் என்று எங்கள் சாமியார் பிரசங்கம் வைப்பார். தலைகுனிந்து கேட்டுக்கொள்வோம். வெள்ளிக்கிழமை வந்தால் ஆண்கள் வரிசையில் நிற்பார்கள்.

போன வருடம் லூமிங் அழுது, டாக்டரம்மா திட்டி, மெல்ச்சோர் வெறுங்காலோடு நடந்ததோடு விட்டான். இந்த வருடம் சரித்தோவுக்கு நிறைமாதம்.

பெரிய வியாழன் அன்று மத்தியானம் லூமிங் என் வீட்டு வாசலில் வந்து நின்றாள். தெருக்கோடிப் பந்தலில் பெண்கள் கர்த்தருடைய பாடுகளின் பாட்டைப் பாடிக்கொண்டிருந்தார்கள்.

"பாரே, அவர் நாளைக்கு உங்ககிட்ட வருவார். அடிக்காதீங்க."

"வாயால சொன்னாரா?"

"சொன்னாத்தான் பரவாயில்லையே. ரொம்ப அடக்கமா இருக்கார். நான் சொன்னதுக்கெல்லாம் சரி சரிங்கிறார். கல்யாணமான நாள்லருந்து அவர் இப்படிச் சரின்னதில்ல."

"முகத்த மூடிட்டு வருவாங்களே மாரே. எப்படிக் கண்டுபிடிப்பேன்?"

அவள் கொண்டுவந்த முட்டைகளை என் மனைவி கையில் கொடுத்துவிட்டுப் போனாள்.

வெள்ளிக்கிழமை காலையிலேயே வெயில் ஏறிவிட்டது. மாமரத்தடியில் ஆட்கள் வந்து நின்றார்கள். எல்லோருக்கும் முகத்தில் துணி, அதன்மேல் கொடியால் சுற்றிய கிரீடம், வெற்று மார்பு, வெறுங்கால். மூங்கில் குச்சி கட்டிய சாட்டையால் தங்கள் முதுகைத் தாங்களே அடித்துச் சிவக்கவைத்துக்கொண்டிருந்தார்கள். நான் காலைப் பார்த்தேன். சதுப்பில் பிழைக்கிறவர்கள் கால் எல்லாம் ஒன்றுபோல வெடித்துத்தான் இருக்கும். உயரத்தைப் பார்த்தேன். பாதிப்பேர் அவன் உயரம்.

பக்கத்து வீட்டுக்காரி கைப்பேசியோடு ஓடிவந்தாள். "போன்சோ அண்ணே, லூமிங் அக்கா பேசறாங்க."

"வாத்துக்குத் தீனி வைக்கிறேன்னு போனார் பாரே. பட்டியில ஆள் இல்ல. தீனி மூட்டை கட்டு பிரிக்காம கிடக்கு."

அப்படியானால் அவன் இந்த வரிசையில்தான் நிற்கிறான். நேர்ச்சைக்காரனின் துணியை விலக்கிப் பார்ப்பது எங்கள் ஊரில் யாரும் செய்யாதது. செய்தால் அவனுடைய நேர்ச்சையே கெட்டுவிடும். என்னிடம் பலகையும் ஜெபமும்தான் இருந்தன.

அடிப்பதற்கு முன்னால் இடது உள்ளங்கையை முதுகில் வைத்து, மூச்சு அடங்கட்டும் என்று காத்திருப்பது என் வழக்கம். அன்றைக்கு அந்தக் கையை எடுக்கவே பயமாக இருந்தது. முதல் ஆள். நெஞ்சு ஒழுங்காக அடித்தது. அடித்து அனுப்பினேன். அடுத்தவன். அதற்கடுத்தவன் பயத்தில் வேகவேகமாகத் துடித்தான், ஆனால் ஒரே சீராக. இப்படியே போனது.

அப்புறம் ஒருவன் வந்து மரத்தில் கைகளை ஊன்றிக் குனிந்தான். கையை வைத்தேன். ஒரு துடிப்பு. ஒன்றுமில்லை. இரண்டு சேர்ந்து ஓடின. நின்றது. மறுபடி கலைந்து ஓட்டம்.

வாத்து.

"பாரே" என்றேன் மெதுவாக.

அவன் மரத்தை இன்னும் இறுக்கிப் பிடித்தான்.

"நீதானே?"

"பேசாம அடி."

"மாரே உன்னைத் தேடிட்டு நிக்கிறா. சில்லு பட்டா ரத்தம் நிக்காதுய்யா, செத்துப்போவ."

"ஏன் நிக்காது? குருத்து ஞாயிறு அன்னிக்கே மாத்திரைய விட்டுட்டேன். இப்ப எல்லாரையும் மாதிரிதான் என் ரத்தமும்."

"மாரே கையாலதானே குடுப்பா?"

"நாக்குக்கடியில ஒதுக்கி வச்சிட்டு அப்புறம் துப்பிடுவேன்."

பெரிய கெட்டிக்காரத்தனம் செய்த மாதிரி சொன்னான். டாக்டரம்மா சொன்ன இரண்டாவது பேச்சு இவன் காதில் ஏறவே இல்லையா? குருத்து ஞாயிறிலிருந்து ஐந்து நாளாக அந்தக் கோணல் இருதயத்துக்குள் ரத்தம் தேங்கிக்கொண்டிருக்கிறது. இந்த வெயிலில், இந்த மரத்தடியில், எந்த நிமிஷம் வாய் கோணும் என்று யாருக்குத் தெரியும்?

பின்னாலிருந்து ஒரு முகமூடி கத்தியது. "என்ன அண்ணே, பாவசங்கீர்த்தனமா கேக்கறீங்க? எங்களுக்கும் பாவம் இருக்கு, சீக்கிரம் விடுங்க!"

இரண்டு மூன்று பேர் துணிக்குள்ளேயே சிரித்தார்கள்.

"நீ மாட்டேன்னா போ" என்று மெல்ச்சோர் நிமிர்ந்தான். "ஆத்தங்கரைல கிடோங் நிக்கிறான். அவன் பிளேடு வச்சிருக்கான். யாரு எவருன்னு கேக்க மாட்டான்."

நகர்ந்தவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டேன். பிடித்த இடம் கறுத்துப்போகுமே என்றும் பயம், விட்டால் போய்விடுவானே என்றும் பயம்.

"சரித்தோவுக்கு எப்ப வேணா வலி எடுக்கும் பாரே" என்றான். "போன வருஷமே பாக்கி வச்சிட்டேன். நான் வாக்குத் தவறினதுக்கு அந்தப் பிள்ளைக்கு ஏதாவது ஆச்சுன்னா? நான் உசிரோட இருந்து என்ன பண்ண?"

கர்த்தர் அப்படிச் செய்யமாட்டார் என்று சொல்ல எனக்குப் படிப்பு இல்லை. நாலாம் வகுப்போடு நின்றவன். சாமியாரே சொல்லிப் பார்த்துவிட்டார். மாதாவே என்ன செய்யட்டும் என்று மனசுக்குள் கேட்டேன். கையில் அவன் மணிக்கட்டு இருந்தது, அதற்குள்ளும் அந்த வாத்து ஓடிக்கொண்டிருந்தது. சரித்தோவை நான் முதன்முதலில் தூக்கிய நாள் ஞாபகம் வந்தது.

சட்டையைக் கழற்றினேன்.

"என்னய்யா பண்ற?"

"ஞானஸ்நானத் தொட்டிக்கிட்ட அவள ஏந்தினது யாரு?"

"நீ."

"அவளுக்குப் பதிலா சாமியார்கிட்ட வாக்குக் குடுத்தது?"

"நீதான். அதுக்கு?"

"தகப்பனால ஆகாதப்ப ஞானத்தகப்பன் எதுக்கு இருக்கான்? கல்யாணத்துல சாப்பிட மட்டுமா?"

பலகையை அவன் கையில் திணித்தேன். முகத்துணியையும் கிரீடத்தையும் அவனே கழற்றினான். வேர்த்து, கண் சிவந்து, ஆனால் வாய் நேராக இருந்தது. அதைத்தான் முதலில் பார்த்தேன். அவற்றை நான் போட்டுக்கொண்டு மரத்தில் கை ஊன்றினேன்.

"வலிக்கும் பாரே."

"இத்தனை வருஷமா நான் என்ன எல்லாருக்கும் எண்ணெயா தேய்ச்சு விட்டேன்? அடி."

பட்டும் படாமலும் அடித்தான். பின்னால் அதே குரல். "கொசு உக்காந்துச்சா, எந்திரிச்சுச்சா?"

இரண்டாவது அடி இறங்கியது. நான் மற்றவர்களுக்குக் கொடுத்துவந்தது இன்னதென்று அப்போதுதான் என் தோலுக்குத் தெரிந்தது. பல்லைக் கடித்துக்கொண்டு சரித்தோவின் பெயரைச் சொன்னேன். மெல்ச்சோர் பலகையைக் கீழே போட்டுவிட்டு அழுதான்.

வரிசையில் மிச்சம் நின்றவர்கள் ஆற்றங்கரைக்குப் போனார்கள். நான் சாட்டையோடு நடந்தேன். அவன் ஜெபமாலையோடு பக்கத்தில் வந்தான். ஒவ்வொரு பந்தலிலும் நான் குப்புற விழுந்து எழும்போது என் முகத்துணியை விலக்கி அவன் வாயைப் பார்ப்பேன்.

"என் பேரு சொல்லு."

"போன்சோ."

"முழுசா."

"அல்போன்சோ யுமுல். கிறுக்கன். போதுமா?"

கடைசிப் பந்தலில் லூமிங் நின்றிருந்தாள். மாத்திரை விஷயத்தை நானே சொன்னேன். அவள் ஓங்கிய கையை அந்தரத்திலேயே நிறுத்தினாள். "ஒரு அடி அடிக்கக்கூடக் கொடுத்து வைக்கல எனக்கு" என்று தலையில் கைவைத்து உட்கார்ந்தாள். அப்புறம் ஆஸ்பத்திரிக்குப் போன் போட்டாள். விட்டதையெல்லாம் சேர்த்து விழுங்கக் கூடாது, வழக்கமான நேரத்துக்கு வழக்கமான ஒன்று, நாளைக் காலையில் ரத்தம் பார்க்க வரணும், அதுக்குள்ள பேச்சுக் குழறினாலோ கை தளர்ந்தாலோ ஒரு நிமிஷமும் தாமதிக்காம கொண்டுவாங்க என்றார்களாம்.

அந்த மத்தியானம் முழுக்க என்னை அவன் வீட்டுப் பெஞ்சில் குப்புறப் படுக்கவைத்திருந்தார்கள். சரித்தோ வயிற்றைத் தாங்கிக்கொண்டு பக்கத்தில் உட்கார்ந்து, கொய்யா இலை கொதிக்கவைத்த தண்ணீரால் என் முதுகைத் துடைத்தாள். ஆனால் அவள் கண் தகப்பன் வாயில்தான் இருந்தது. எங்கள் எல்லோருடைய கண்ணும் அங்கேதான்.

"ஏன் எல்லாரும் என் மூஞ்சியவே பாக்கறீங்க?" என்றான்.

"அழகா இருக்கீங்கன்னுதான்" என்றாள் லூமிங்.

"நினோங், உங்க நெஞ்சு பயங்கரமா அடிக்குது" என்றாள் சரித்தோ.

"அடிச்சா சரி மகளே. ஒழுங்கா அடிக்குதில்ல?"

ஆறு மணி ஆயிற்று. பெரிய வெள்ளியன்று கோவில் மணி அடிக்காது. வெளியே வாத்துகள் பேசாமல் நின்றன. யாரும் யாரிடமும் மணி கேட்கவில்லை. நான் பெஞ்சிலிருந்து கையை நீட்டி, விரல் முட்டியால் பெஞ்சுக் காலில் மூன்று தரம் தட்டினேன். லூமிங் ஜெபத்தைத் தொடங்கினாள், எல்லோரும் சொன்னோம். அவள் மாத்திரையை அவன் வாயில் போட்டுத் தண்ணீரைக் கொடுத்தாள். குடித்தான்.

"ஆ காட்டுங்க" என்றாள். காட்டினான்.

"நாக்கைத் தூக்குங்க."

மெல்ச்சோர் என்னைப் பார்த்தான். அப்புறம் பிள்ளைபோல நாக்கைத் தூக்கினான். நாங்கள் எல்லோரும் எட்டிப் பார்த்தோம். அங்கே ஒன்றும் இல்லை.