ஆளை ஆடாக்கும் அகப்பை

சினிமாக் கொட்டகையிலேயே மானக்கேடான வேலை தெருத்தெருவாகப் போய்ப் படத்துக்கு ஆள் கூப்பிடும் நோட்டீஸ் வண்டி வேலைதான். படம் நன்றாக இருந்தால் முதலாளிக்குப் பெயர். இல்லாவிட்டால் வண்டியில் வந்தவனுக்கு வசவு. நீங்களும் என்னைப்போல அடுத்தவர் சரக்குக்காக வசவு வாங்கிக் கட்டிக்கொண்டவராக இருந்தால் இதை நான் விளக்க வேண்டியதில்லை.

யுத்த காலம். திருத்தணி ஸ்டேஷன் பக்கத்தில் எங்கள் டூரிங் கொட்டகை. வந்திருந்தது ஒரு மாயாஜாலச் சிரிப்புப் படம். சோம்பேறிச் சமையற்காரன் ஒருவனுக்குச் சாமியார் மந்திர அகப்பை தருகிறார். அதைக்கொண்டு யார் தலையில் தட்டினாலும் ஆள் ஆடாகிவிடுவான். முதலாளி எனக்கு அந்தச் சாமியார் வேஷம் போட்டார். ஆட்டுமயிர்த் தாடி, காவி அங்கி, ஜிகினாத் தாள் சுற்றிய அகப்பை.

அந்தச் சமயம் பார்த்துத்தானா எனக்குப் பள்ளிப்பட்டில் பெண் பார்த்திருக்க வேண்டும்? நெசவுக் குடும்பம். பையன் சினிமாக் கம்பெனியில் மேனேஜருக்கு அடுத்த ஆள் என்று அம்மா சொல்லி வைத்திருந்தாள். ஆடிக் கிருத்திகைக்குப் பெண் வீட்டார் திருத்தணி மலைக்கு வரும்போது தாம்பூலம் மாற்றிக்கொள்வதாக ஏற்பாடு. அதுவரை இந்தத் தாடி அவர்கள் கண்ணில் படக்கூடாதே என்பதுதான் என் கவலையெல்லாம்.

கடைத்தெருவில்

முதல் நாளே கத்தரிக்காய் விற்கும் அம்மாள் ஒருத்தி வண்டியை மறித்துக்கொண்டாள். பக்கத்தில் அவள் புருஷன் கோணியை விரித்துப் படுத்திருந்தார். அகப்பையின் மகிமையைச் சொல்லி, படத்துக்கு வாருங்கள் என்று நான் கெஞ்ச, அவள் படத்துக்கு அழைத்ததைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. தெருவே வேடிக்கை பார்க்க, என் கையிலிருந்த அகப்பையைக் காட்டிச் சொன்னாள்:

"இந்த ஆளை ஒரு தட்டு தட்டிட்டுப் போப்பா. ஆடா ஆனாலாவது தழை துண்ணுகினு சும்மா கெடக்கும்."

முன்னுக்குப் பின்

எங்களிடம் இருந்தது ஒரே மெஷின். ஒரு ரீல் முடிந்தால் விளக்கைப் போட்டு அடுத்ததை மாட்ட வேண்டும். ஒரு நாள் ஆபரேட்டர் நாலாவது ரீலுக்குப் பதிலாக ஐந்தாவதை மாட்டிவிட்டார். சமையற்காரனை ஊரே கூடி உதைத்தது. அவன் ஊர்த்தலைவரை ஆடாக்கியது அதற்கப்புறம் வந்தது.

சமாதானம் சொல்ல முதலாளி வரவில்லை. தாடியோடு என்னைத்தான் திரைக்கு முன்னால் தள்ளினார். கூனிக் குறுகி மன்னிப்புக் கேட்டேன். கனகம்மாசத்திரத்து விவசாயி ஒருவர் தரையிலிருந்து எழுந்து என்னைத் தேற்றினார்:

"அடி மொதல்ல, தப்பு அப்பால. எங்க ஊர்லயும் அப்படித்தாங்க நடந்துகினு இருக்குது. நீங்க ஓட்டுங்க."

மலையடிவாரத்தில்

கிருத்திகையன்று லீவு கேட்டேன். முதலாளி தரவில்லை. முடி இறக்கிவிட்டு மலையிலிருந்து இறங்குகிறவர்களின் தலையில் அகப்பையால் லேசாகத் தட்டி, 'மே' என்று கத்தி, நோட்டீஸ் கொடுக்க வேண்டுமாம். சாயங்காலம் சட்டை மாற்றிக்கொண்டு பெண் வீட்டாரைப் பார்த்துக்கொள்ளலாம் என்று நானும் போய் நின்றேன்.

சந்தனம் பூசிய மொட்டைகள் வந்துகொண்டே இருந்தன. எல்லாம் ஒரே அச்சு. தட்டினேன், கத்தினேன், ஜனம் சிரித்தது. ஒரு பெரியவர் தலையில் தட்டியபோது மட்டும் பின்னாலிருந்து, "நைனா!" என்று ஒரு பெண் குரல் கேட்டது. திரும்பினால், நான் பள்ளிப்பட்டில் பார்த்த பெண். அவள் பக்கத்தில், வாயில் முந்தானையை வைத்துக்கொண்டு, அவர்களை எதிர்கொள்ளப் போயிருந்த என் அம்மா.

பெண் பார்க்கப் போனபோது அவள் அப்பாவுக்குக் கட்டுக்குடுமியும் முறுக்கு மீசையும் இருந்தன. இப்போது இரண்டும் இல்லை. எனக்கு எப்படி அடையாளம் தெரியும்? பெற்ற தாயிடமிருந்து என்னைத் தாடியும் மறைக்கவில்லை, அங்கியும் மறைக்கவில்லை, "டேய், நீயா!" என்று கத்தியே விட்டாள். தாடியைப் பிய்த்தேன். பாதி மோவாயிலேயே நின்றுகொண்டது. வெட்கத்தில் உயிர் போய்விட்டது. அந்தப் பெண்ணுக்குச் சிரிப்பை அடக்க முடியவில்லை. அது எனக்குப் பிடித்திருந்தது என்பதுதான் எல்லாவற்றையும்விடக் கொடுமை.

பெரியவர் கத்தவில்லை. தலைச் சந்தனத்தைத் தடவிச் சரிசெய்துகொண்டு, அம்மாவைப் பார்த்து மெதுவாகச் சொன்னார்:

"வேசம் கட்டினது தப்பில்லீங்க. வவுத்துப் பொழப்பு. ஆனா கல்யாணத்துல மாப்பிள்ளை காலை நான்தானே கழுவணும்? என் தலையில தட்டினவர் காலைக் கழுவ எனக்குக் கை வராதுங்க."

முதலாளி சொன்னபடியெல்லாம் ஆடினால் நம்மைப் போன்றவர்களுக்குச் சம்பளம் வரும், சம்பந்தம் வராது.