நாற்பத்தைந்து சுற்றில் ஒரு குரல்

இது நடந்தது. நம்பாதவர்கள் வீட்டுக்கு வந்து என் மனைவியிடமே பேசிப் பாருங்கள். அப்புறம் சொல்லுங்கள், நான் கதை விடுகிறேனா என்று.

பழைய ஃபங்க், சோல் வகை ஆங்கிலப் பாட்டு சிங்கிள் இசைத்தட்டுகள் என்றால் எனக்குப் பைத்தியம். பக்கத்துக்கு ஒரு பாட்டு, நிமிடத்துக்கு நாற்பத்தைந்து சுற்று. போன ஆண்டு ஒரு ரேடியோ மெக்கானிக் வீட்டில் பதினான்கு தட்டு வாங்கினேன். கிளம்பும்போது அவர் மனைவி வாசல்வரை வந்து, வாயே திறக்காமல், பதினைந்தாவதாக ஒன்றைப் பைக்குள் வைத்தார்.

வீட்டில் எடுத்துப் பார்த்தால் மாதிரித் தட்டு! ஆலையில் அச்சடிக்கும் முன் ஸ்டுடியோவில் வெட்டிப் பார்ப்பது. உலகத்திலேயே ஒன்றுதான் இருக்கும். போடப் போடத் தேயும். எனக்குத் தலைகால் புரியவில்லை. உறையில் இருந்த பூஞ்சை மற்ற தட்டுகளுக்குப் பரவக் கூடாதே என்று, அதைக் கழற்றிப் பழைய பேப்பர் கட்டுக்குள் எறிந்தேன். அங்கேதான் கோட்டை விட்டேன்.

பிற்பகல் 3.10. முள்ளை வைத்தேன். டிரம்ஸ், பேஸ் கிடார்... ஆஹா! பாட்டு முடிகிற இடத்தில், தேய்ந்துபோன ஒரு பெண் குரல்.

"...இரண்டாவது நடைமேடைக்கு வந்து சேரும்..."

ஆங்கிலப் பாட்டு. குரல் மட்டும் தமிழ்.

"ஏங்க, டீ ஆறுது!" தட்டு சுற்றிக்கொண்டிருக்கும்போதே உள்ளேயிருந்து மனைவி. அவள் கூப்பிட்டால் தெருமுனைவரை கேட்கும்.

3.16. மறுபடி போட்டேன். டிரம்ஸுக்கு நடுவே... "ஏங்க, டீ ஆறுது!"

திரும்பினேன். அவள் கதவருகே நின்றிருந்தாள். வாய் மூடியிருந்தது.

பாட்டுச் சத்தத்தில், 'இப்ப நீ கூப்பிட்டியா?' என்று கைஜாடையில் கேட்டேன்.

இல்லை என்று தலையாட்டினாள். தொண்டையைத் தொட்டாள். "கட்டிக்கிச்சு," என்றாள். பாதி காற்றுதான் வந்தது.

என் கை சும்மா இருந்ததா? சந்தேகம் தீர இன்னொரு முறை போட்டுத் தொலைத்தேன். 3.21.

"கட்டிக்கிச்சு..."

முள்ளைத் தூக்கினேன்.

அவள் உதடு அசைந்தது.

சத்தமே இல்லை...

நான்கு டாக்டர்கள் பார்த்தார்கள். தொண்டையில் ஒரு குறையும் இல்லையாம். பேப்பர் கட்டைப் பிரித்து அந்த உறையைத் தேடி எடுத்தேன். உள்பக்கம் பென்சில் எழுத்து: 'வீட்டில் யாரும் பேசாத நேரத்தில் மட்டும் போடவும்.'

மெக்கானிக்குக்கு போன் செய்தேன்.

"உங்க வீட்டம்மா முன்னாடி என்ன வேலை பார்த்தாங்க?"

பின்னால் ஓடிக்கொண்டிருந்த ரேடியோவை அணைத்தார்.

"ரயில்வே ஸ்டேஷன்ல அறிவிப்பு சொல்ற வேலை. வீட்டுல சொல்லிப் பாத்துட்டிருந்தப்ப இந்தத் தட்டு ஓடிச்சு. ஆறு வருஷமா பேச்சில்ல."

"தட்டை உடைச்சிடவா?"

"ஐயோ, வேணாம் சார்! அதுல மட்டும்தான் அவ பேசுறா. நான் தினமும் போட்டுக் கேட்டுட்டே இருந்தேன். அவளுக்குப் பொறுக்கல... உங்ககிட்ட தூக்கிக் கொடுத்துட்டா."

திட்டத்தான் வாயெடுத்தேன். முடியவில்லை. என் மனைவி காய்கறி வாங்கப் போகிற நேரமாகப் பார்த்து, மூச்சை அடக்கிக்கொண்டு, நானும் தினமும் முள்ளை வைக்கிறேன்.

நேற்று 'டீ ஆறுது' மட்டும்தான் கேட்டது. 'ஏங்க' தேய்ந்து போயிருந்தது.