கெர்லிங் பரமேஸ்வரியும் கண்ணாடிக் குழாயும்

செவ்வாய்க்கிழமை காலை ஆய்வுக்கூடத்துக்குக் கெர்லிங்கின் பக்கத்து ஊரான ராசாவிலிருந்து தொலைபேசி வந்தது. "அக்கா போயிட்டாங்க சார். காய்ச்சல்னு ஆஸ்பத்திரியில சேர்த்து மூணே நாளு..." பேசியது பரமேஸ்வரியின் தம்பி. பரமேஸ்வரிக்கு முப்பத்தொரு வயதுதான்.

எங்கள் ஆய்வுக்கூடத்தில் பலருக்கு அவர் கண்ணாடிக் கருவிகளைக் கழுவும் உதவியாளர். மலேசியாவின் கெர்லிங் ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுபவரின் மகள்; ஐந்தாம் படிவத்தோடு, அதாவது பதினோராம் வகுப்போடு, படிப்பை நிறுத்தியவர். மயிரிழை போன்ற கண்ணாடிக் குழாய்க்குள் டிஎன்ஏ துண்டுகளை மின்சாரத்தால் ஓடவிட்டு, சிறியது முன்னே, பெரியது பின்னே எனப் பிரிப்பது என் ஆய்வு. அந்தக் குழாய்களில் துண்டுகளைச் சலித்துப் பிரிக்கும் ஜெல் கூழை நிரப்பித் தந்தவர் அவர்.

ஒருநாள் பதிவுத் தாளில் இரண்டு முகடுகள் அழகாக எழுந்தன. நீளத்தில் சற்றே வேறுபட்ட இரு துண்டுகள் பிரிந்துவிட்டன என்று பேராசிரியரை அழைத்துக் காட்டினேன். அவர் என் தோளைத் தட்டிக்கொண்டிருக்கும்போதே பரமேஸ்வரி சொன்னார்: "குழாய்ல குமிழ் இருக்கு சார். இப்பத்தான் விளக்குல பிடிச்சுப் பார்த்தேன்."

மறுபடி ஓட்டினோம். ஒரே முகடு; மற்றது குமிழின் வேலை. இரண்டு வாரம் நான் அவரோடு பேசவில்லை.

அவரே வந்தார். "குழாய் சூடாகுது சார். அதான் பிரியாம கலந்துடுது போல. சுத்தி ஐஸ் தண்ணி ஓடவிட்டுப் பார்ப்போம் லா." மூன்றாம் முயற்சியில் துண்டுகள் உண்மையாகவே பிரிந்தன. "இப்பக் கூப்பிடுங்க பேராசிரியர" என்றார்.

ஆய்வுக் கட்டுரை அச்சாகி வந்தபோது அதில் இரண்டே பெயர்கள். பேராசிரியர், நான். பரமேஸ்வரி தாளை வாங்கி, கடைசியில் நன்றி சொல்லியிருந்த வரிகள்வரை விரலை ஓட்டிப் பார்த்தார். "நல்லா வந்திருக்கு சார்" என்று திருப்பிக் கொடுத்துவிட்டுக் கழுவும் தொட்டிப் பக்கம் போனார். அடுத்த கட்டுரையில் சேர்த்துக்கொள்ளலாம் என்று நினைத்துக்கொண்டேன்.

இறுதிச் சடங்கன்று தோட்டத் தொழிலாளர் லயத்து வாசலில் அவருடைய அப்பா என் கையைப் பிடித்துக்கொண்டார். "புள்ள ஏதோ கண்டுபிடிச்சேன்னு சொல்லுச்சுங்க. புஸ்தகத்துல பேரு வந்திருக்குங்களா?"

"இல்லைங்க ஐயா. வந்திருக்கணும். நான்தான் போடல."

பிடித்த கையை அவர் விடவில்லை. "வெயில்ல நிக்காதீங்க. உள்ள வாங்க" என்றார்.

கண்டதைக் கண்டபடி சொல்லும் துணிவைப் பரமேஸ்வரியிடம் கற்றேன் என்று எழுத ஆசைதான். கற்றிருந்தால் அந்தக் கேள்விக்கே இடமிருந்திருக்காது. தலை குனிந்து அந்த வீட்டுக்குள் நுழைந்த கூச்சம்தான் என்னிடம் மிஞ்சியிருக்கிறது.