முஹைதீனின் எட்டுமூலைக் குடை

துபாயிலிருந்து திரும்புகிறவர்கள் கம்பளி, கோடாலித் தைலம், கொஞ்சம் தங்கம் என்று கொண்டுவருவது கீழக்கரை வழக்கம். 2003-இல் திரும்பிய முஹைதீன் ஒரு குடை கொண்டுவந்தார். குடை என்று சொன்னது அவர் மனைவி சபியா. அதற்குச் சரியான பெயர் சாஃப்ட்பாக்ஸ். எட்டுக் கம்பிகளை ஒரு வளையத்தில் செருகி விரித்தால் ஆள் உயரத்துக்கு எட்டுமூலையாக நிற்கும். உள்ளே ஃபிளாஷ் விளக்கு, முகப்பில் வெளிச்சத்தை மென்மையாக்கும் வெள்ளைத் துணி. “பத்து வருசங் கழிச்சு வந்த மனுசன் குடையக் கொண்டாந்திருக்காரு. இங்கன மழையா கொட்டுது?” என்று சபியா கேட்டதை, பக்கத்தில் ஜெராக்ஸ் கடை வைத்திருக்கும் நான் என் காதாலேயே கேட்டேன்.

துபாயில் ஒரு ஃபோட்டோ ஸ்டுடியோவில் அவருக்கு விளக்குத் தூக்கும் வேலை. பத்து வருஷத்தில் ஒரு தடவைகூடக் கேமராவைத் தொட விடவில்லையாம். அந்த ஆத்திரத்தில்தான் ஊரில் சொந்தமாக ஸ்டுடியோ போட்டார். பத்துக்குப் பத்து அறை. பாதி இடத்தைக் குடை பிடித்துக்கொள்ள, இவர் சுவரில் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு படம் எடுப்பார். வந்தவர்களோ விசாவுக்கு ஃபோட்டோ கேட்கும் ஆண்கள். “காது ரெண்டுந் தெரியணும், அம்புட்டுத்தான்” என்பார்கள். வீட்டுப் பெண்களின் படத்தை வாசலில் மாட்ட யாரும் சம்மதிக்க மாட்டார்கள். அதனால் ஷோகேஸில் இரண்டு வருஷமாக ஒரு பிளாஸ்டிக் ரோஜா மட்டும் இருந்தது. தான் எடுத்த நல்ல முகம் ஒன்றை அதில் மாட்டிவிட வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசை. வேறு ஆசையே கிடையாது, பாவம்.

அப்போதுதான் ராக்கு வந்தார். கடலாடிப் பக்கத்துக் கிராமம். புருஷனும் இல்லை, பிள்ளையும் இல்லை. அறுபத்தேழு வயதிலும் கருவேலங்கட்டையை மூட்டம் போட்டுக் கரி எடுக்கிற வேலை. முதியோர் பென்ஷனுக்கு மனு எழுத என்னிடம் வந்தவரை, ஃபோட்டோவுக்கு நான்தான் பக்கத்துக் கடைக்கு அனுப்பினேன். நடந்ததில் என் பங்கு அவ்வளவுதான்.

ஐந்து நிமிஷ வேலைக்கு முஹைதீன் ஒரு மணி நேரம் எடுத்தார். ராக்குவை முகம் கழுவச் சொன்னார். குடையைச் சாய்த்து முகத்துக்கு நெருக்கமாக இறக்கி, “வெளக்கப் பாக்காதீங்க ஆத்தா, வாசலப் பாருங்க” என்றார். படம் வந்ததும் நான் எட்டிப் பார்த்தேன். ஒரு சுருக்கம்கூட மறையவில்லை. ஆனால் மேகம் மூடிய காலை போன்ற வெளிச்சத்தில், கண்ணில் குடை பிரதிபலித்த சின்ன வெள்ளை வட்டத்தோடு, நூறு ஏக்கருக்குச் சொந்தக்காரி போல ராக்கு உட்கார்ந்திருந்தார். சின்னப் படத்தை மனுவில் ஒட்டினோம். பெரிதாக்கிப் பிரிண்ட் போட ஒன்றை முஹைதீன் மதுரைக்கு அனுப்பினார்.

ஒரு மாதத்தில் மனு திரும்பி வந்தது. ராக்குவோடு நானும் தாலுகா ஆபீசுக்குப் போனேன். “ஆதரவில்லாதவங்கன்னு எழுதிருக்கீங்க. இது நாலு பேருக்குச் சோறு போடுற மொகமாவுல்ல இருக்கு” என்றார் அதிகாரி, படத்தைப் பார்த்துக்கொண்டே. கரி படிந்த சேலையோடு ராக்கு அவருக்கு எதிரில்தான் நின்றார். அந்தப் பக்கம் நிமிர்ந்து பார்க்க அதிகாரிக்கு நேரமில்லை.

ராக்கு நேரே ஸ்டுடியோவுக்கு வந்தார். “அழகா எடுத்து என் வயித்துல மண்ணள்ளிப் போட்டீகளே பாய். பாவமா ஒண்ணு எடுத்துக் குடுங்க.”

முஹைதீனின் முகம் செத்துவிட்டது. ராக்குவைக் கடைக்குப் பின்னால், உச்சி வெயிலில், சுவரோரமாக நிறுத்தி எடுத்தார். கண் இடுங்கி, கண்ணுக்குக் கீழே இரண்டு கறுப்புக் குழி. துபாயில் இப்படி ஒரு படம் எடுத்திருந்தால் மறுநாளே ஊருக்கு அனுப்பியிருப்பார்களாம். இரண்டே மாதத்தில் பென்ஷன் வந்துவிட்டது.

செய்தி பரவி, உள்கிராமங்களிலிருந்து பஸ் பஸ்ஸாக வயசாளிகள் வந்தார்கள். “குடையெல்லாம் வேணாம் பாய், அந்த வெயிலு படம் எடுங்க.” கடைசியில் தொழில் சூடு பிடித்தது இப்படித்தான். பென்ஷன்தான் வந்துவிட்டதே என்ற தைரியத்தில் முஹைதீன் ரோஜாவை எடுத்துவிட்டு ராக்குவின் பெரிய படத்தை ஷோகேஸில் மாட்டினார்.

ஒருநாள் ராக்கு பனங்கிழங்குக் கட்டோடு வந்தார். ஷோகேஸ் முன்னால் நின்றவர் நகரவேயில்லை. “இது நானா?” என்று கண்ணாடியைத் தொட்டார். பிறகு தெருவின் இரண்டு பக்கமும் பார்த்தார்.

“கழட்டுங்க பாய். அந்த ஆபீசர் கண்ணுல பட்டா பென்சன நிறுத்திப்புடுவாரு.”

“ஆத்தா, நான் எடுத்ததுலயே இது ஒண்ணுதான் படம்.”

“நாஞ் செத்த மறுநா மாட்டுங்க. அப்ப நிறுத்துனா நிறுத்திட்டுப் போகட்டும்.”

இது 2009. படம் கடைக்குள்ளே சுவரைப் பார்த்துத் திரும்பி நிற்கிறது. ராக்கு மாதம் ஒருமுறை வந்து, அதைத் திருப்பி வைத்து ரொம்ப நேரம் பார்ப்பார். பிறகு தானே சுவர்ப் பக்கம் திருப்பிவிட்டுப் போவார். எழுபத்தொன்று ஆகிறது, திடமாகத்தான் இருக்கிறார். அவருக்கு நீண்ட ஆயுளைக் கேட்டு ஐந்து வேளையும் துஆ செய்வதாக முஹைதீன் சொல்கிறார். ஷோகேஸில் இருக்கும் பிளாஸ்டிக் ரோஜாவைத் துடைத்துக்கொண்டேதான் அதைச் சொல்கிறார்.